ஒரு சாண் வெட்டிலிருந்து எட்டு மில்லிமீட்டர் துளை வரை

மேற்குச் சென்னையின் மருத்துவ வரலாறு – 14

பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975-ல் மருத்துவர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். அவர் பின்னாளில் முகப்பேருக்கு வந்தார். மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதயப் பிரிவை வளர்த்தார். 2004-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சாலையிலேயே ஃபிரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனையைத் தொடங்கினார். 2025 ஜனவரியில் அவர் மறைந்தபோது, பட்டறைகளுக்கும் லாரி புக்கிங் அலுவலகங்களுக்கும் பெயர்பெற்றிருந்த அந்த வட்டாரம் இதய நோயாளிகள் தேடி வரும் இடமாகவும் மாறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

செரியன் தொழில் கற்ற காலத்தில் இதயத்தைத் தொடவேண்டுமானால் நெஞ்செலும்பை நடுவே பிளந்தாக வேண்டும். வயிற்றுக்குள் கை வைக்க வேண்டுமானால் ஒரு சாண் நீளத்துக்குக் கீற வேண்டும். அந்த வெட்டு அரை நூற்றாண்டில் படிப்படியாகச் சுருங்கி எட்டு மில்லிமீட்டர் துளையான கதைதான் இந்த அத்தியாயம். இந்தக் கதையில் ஜெர்மனியும் பம்பாயும் கோயம்புத்தூரும் வருகின்றன. அமெரிக்க ராணுவமும் வருகிறது. ஆனாலும் இதை அம்பத்தூரிலிருந்து சொல்லத் தொடங்குவதே பொருத்தம். வெட்டின் நீளம் யாருடைய கூலியைத் தீர்மானித்ததோ, அவர்கள் இங்கே இருந்தார்கள்.

உடம்பே முதல்

டிஐ சைக்கிள்ஸ் 1949-ல் அம்பத்தூரில் தொடங்கியது. டன்லப் டயர் ஆலை 1959-ல் வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் உருவாகி, 1965-ல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பியது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தது. நின்றுகொண்டே எட்டு மணி நேரம் லேத் ஓட்டுபவர், பிரஸ்ஸில் தகடு அடிப்பவர், மோல்டிங்கில் சூட்டோடு நிற்பவர், லோடு ஏற்றுபவர் என்று பல்லாயிரம் குடும்பங்கள் பாடி முதல் பட்டாபிராம் வரை குடியேறின. அவர்களுக்கு முதல் என்பது உடம்புதான்.

அந்த உடம்பில் பித்தப்பைக் கல் வந்தால் அன்றைக்கு ஒரே வழி, வலது விலாவுக்குக் கீழே தோலையும் தசையையும் அறுத்துத் திறப்பது. பித்தப்பையை எடுக்கும் வேலை சிறியது. அதைச் சென்றடையப் போட்ட வெட்டுதான் பெரியது. மருத்துவமனையில் ஒரு வாரம், பிறகு பளு தூக்காமல் ஒன்றரை மாதம். இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருந்தவருக்குச் சட்டப்படி விடுப்புக் காலத்தில் கூலியில் ஒரு பகுதி கிடைக்கும். சில பேரை மட்டும் வைத்து நடத்தும் சிறு பட்டறைகளில் வேலை செய்தவருக்கும், அன்றாடக் கூலிக்கு லோடு ஏற்றியவருக்கும் அதுவும் கிடையாது. இவர்களில் பலர் வலியைப் பொறுத்துக்கொண்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதற்குக் கத்தி பயம் மட்டும் காரணமில்லை. வேலைக்குப் போகாத ஒன்றரை மாதத்தை வீடு தாங்காது என்ற கணக்கே பெரிய காரணம்.

துளை வழியே கண்

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பார்ப்பதோடு நிற்காமல் அதே துளை வழியாக அறுக்கவும் முடியும் என்று காட்டியவர் ஜெர்மனியின் கீல் நகரத்து மகப்பேறு மருத்துவர் கூர்ட் செம். 1980-ல் அவர் துளை வழியே குடல்வாலை அகற்றினார். அவருடைய நாட்டு அறுவை மருத்துவர்களே அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1985-ல் எரிஷ் மூஹே இதே வழியில் பித்தப்பையை எடுத்தபோதும் அவருக்குக் கிடைத்தது ஏளனம்தான். அவருடைய நாட்டு அறுவை மருத்துவர் சங்கம் அவரைக் கௌரவிக்க ஏழு ஆண்டுகள் ஆயின. 1987-ல் பிரான்சின் லியோன் நகரில் ஃபிலிப் மூரே செய்து காட்டிய பிறகுதான் லேப்ராஸ்கோப்பி என்ற இந்த முறை உலகெங்கும் பரவியது.

இந்தியாவுக்கு அது வர மூன்றே ஆண்டுகள் பிடித்தன. பம்பாய் ஜே.ஜே. அரசு மருத்துவமனையில் 1990-ல் மருத்துவர் தெஹம்டன் உத்வாடியா முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவையைச் செய்தார். அவர் 1972 முதலே அங்கு நோயைக் கண்டறிய லேப்ராஸ்கோப்பைப் பயன்படுத்தி வந்தவர். ஸ்கேன் வசதி இல்லாத, படுக்கைகள் போதாத அரசு மருத்துவமனைக்கு அது செலவைக் குறைக்கும் கருவி என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார். ஏழை நாட்டுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, சீக்கிரம் வேலைக்குத் திரும்பவேண்டிய ஏழைக்குத்தான் இது அதிகம் தேவை என்று வாழ்நாள் முழுக்கப் பதில் சொன்னார். இந்தத் தொடரின் வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டிய வாதம் இது. எந்திரங்கள் மாறினாலும் இந்த வாதம் மாறவில்லை.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் முன்னே சென்றது. மருத்துவர் சி. பழனிவேலு 1990-களின் தொடக்கத்திலேயே லேப்ராஸ்கோப்பியில் இறங்கி, கடினமான புற்றுநோய் அறுவைகளையும் துளை வழியே செய்யத் தொடங்கினார். உணவுக்குழாய்ப் புற்றுநோய் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, நெஞ்சைத் திறக்காமல் துளை வழியாகவே உணவுக்குழாயை விடுவிக்கும் முறையில் 130 பேருக்குச் செய்த அனுபவத்தை அவருடைய குழு 2006-ல் அமெரிக்க அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டது. கொங்கு நாட்டிலிருந்து போன பாடத்தை மேலை நாடுகள் படித்தன.

நீண்ட குச்சியின் குறைகள்

லேப்ராஸ்கோப்பி வெட்டைச் சுருக்கியது. மருத்துவரின் கையையும் கட்டிப்போட்டது. வயிற்றில் கரியமில வாயுவை நிரப்பி, துளைகளில் குழாய் பொருத்தி, அவற்றின் வழியே நீண்ட கம்பிக் கருவிகளை விடுகிறார்கள். துளையே அச்சாக நிற்பதால் மருத்துவர் கையை இடப்புறம் நகர்த்தினால் உள்ளே கருவியின் முனை வலப்புறம் போகும். கருவிக்கு மணிக்கட்டு கிடையாது. கையின் சிறு நடுக்கம் நீண்ட கம்பியின் முனையில் பெரிதாகும். சாதாரணத் திரையில் ஆழம் தெரியாது. பித்தப்பையை எடுக்க இவை பெரிய தடையல்ல. இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், விரல் நுழையாத இடத்தில், சிறுநீர்ப்பையைச் சிறுநீர்க்குழாயோடு சேர்த்துத் தைக்கவேண்டி வரும்போது ஒவ்வொன்றும் தடைதான். ரோபோ நுழைந்தது இந்த இடைவெளியில்.

ஆனால் அறுவை அரங்குக்குள் வந்த முதல் ரோபோ கை இதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. தொழிற்சாலைக்கென்று செய்யப்பட்ட பியூமா 560 என்ற எந்திரக் கை அது. 1985-ல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில், சி.டி. ஸ்கேன் காட்டிய இடத்துக்கு ஊசியைச் சரியாக நேர்ப்படுத்தி மூளையிலிருந்து திசு மாதிரி எடுக்க அதைப் பயன்படுத்தினார்கள். 1994-ல் லேப்ராஸ்கோப் கேமராவைப் பிடித்துக்கொள்ளும் ஈசாப் என்ற கைக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

இன்னொரு பக்கத்தில் ராணுவம் இருந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா, போர்முனையில் ரத்தம் இழக்கும் வீரனைத் தொலைவிலிருக்கும் மருத்துவர் காப்பாற்ற வழி தேடியது. கவச வாகனத்துக்குள் எந்திரக் கைகளைப் பொருத்தி, தூரத்தில் கூடாரத்தில் அமர்ந்த மருத்துவர் அவற்றை இயக்கி விலங்கின் குடலைத் தைத்துக் காட்டும் வரை சோதனை போனது. ராணுவ மருத்துவரான ரிச்சர்ட் சடாவா அந்தத் திட்டத்தை முன்னெடுத்தவர். கவச வாகனத்தோடு வாழும் ஆவடிக்காரர்களுக்கு இந்தச் செய்தி தனி அக்கறை தரும்: இன்று புற்றுநோய் நோயாளிக்குத் தையல் போடும் எந்திரத்தின் வேர்களில் ஒன்று ராணுவ வண்டிக்குள் இருக்கிறது. போர்முனைக்கென்று யோசித்தது கடைசியில் நகர மருத்துவமனைகளுக்கே வந்து சேர்ந்தது.

அந்த ஆராய்ச்சியின் உரிமங்களை வாங்கி 1995-ல் தொடங்கிய நிறுவனம்தான் இன்டியூட்டிவ் சர்ஜிக்கல். அதன் எந்திரத்தின் முன்மாதிரியைக் கொண்டு 1997-ல் பெல்ஜியத்தில் மருத்துவர்கள் பித்தப்பையை எடுத்தார்கள். 1998-ல் பாரிசில் அலாங் கார்பாந்தியே இதய வால்வைச் சீர்செய்தார். 2000 ஜூலையில் டா வின்சி என்ற பெயரில் அது அமெரிக்க அனுமதி பெற்றது. 2001 செப்டம்பர் 7 அன்று, போட்டி எந்திரமான ஜீயஸைக் கொண்டு, நியூயார்க்கில் அமர்ந்த ஜாக் மாரெஸ்கோ பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் படுத்திருந்த 68 வயதுப் பெண்ணின் பித்தப்பையை 54 நிமிடத்தில் அகற்றினார்.

அதே 2001-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் மணி மேனன் புராஸ்டேட் புற்றுநோய்க்கு இந்த எந்திரத்தை முறையாகப் பயன்படுத்தத் தொடங்கினார். கேரளத்தில் பிறந்து, புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்தவர். இதய அறுவைக்காகப் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட எந்திரத்துக்குச் சிறுநீரகவியலில் நிலையான இடத்தைத் தேடித் தந்தவர்களில் முதன்மையானவர் அவர்.

எந்திரம் தானாக எதையும் செய்யாது

அம்பத்தூர்க்காரர்களுக்கு ரோபோ என்றதும் நினைவுக்கு வருவது சி.என்.சி. எந்திரம். புரோகிராமைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் அது தானே கடைந்து முடிக்கும். அறுவை ரோபோ அப்படியல்ல. அதில் புரோகிராம் போட்டு அறுக்கும் வேலை இல்லை. நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி ஒரு மேசையில் மருத்துவர் அமர்கிறார். ஆழம் தெரியும் முப்பரிமாணக் காட்சி பத்து மடங்கு வரை பெரிதாகத் தெரிகிறது. அவர் விரலையும் மணிக்கட்டையும் எப்படி அசைக்கிறாரோ, அப்படியே எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவிகள் உள்ளே அசைகின்றன. மருத்துவர் கையை மூன்று அங்குலம் நகர்த்தினால் கருவி ஒரு அங்குலம் மட்டும் நகரும்படி வைக்கலாம். நடுக்கத்தை எந்திரம் வடிகட்டிவிடும். கருவியின் முனையில் மணிக்கட்டுபோல் வளையும் மூட்டு உண்டு. மருத்துவர் கையை எடுத்தால் எந்திரம் அசையாது நிற்கும்.

இழப்பும் உண்டு. திசுவைத் தொட்டால் விரலுக்குத் தெரியும் மென்மையும் இறுக்கமும் இதில் தெரியாது. கண்ணால் பார்த்தே மருத்துவர் ஊகிக்க வேண்டும். அழுத்தத்தை உணர்த்தும் வசதி கொண்ட டா வின்சி 2024-ல்தான் வந்தது. மேசையில் அமர்பவர் நல்ல அறுவை மருத்துவராக இல்லாவிட்டால் எந்திரம் அவரை நல்லவராக்காது. மயக்க மருத்துவரும், நோயாளியின் பக்கத்தில் நின்று கருவி மாற்றும் உதவி மருத்துவரும், செவிலியரும் இல்லாமல் ஒரு துளைகூடப் போட முடியாது.

சென்னைக்கு வந்த வழி

இந்தியாவில் முதலில் இதை எடுத்தவர்கள் இதய மருத்துவர்கள். 2002-ல் டில்லி எஸ்கார்ட்ஸ் இதய மருத்துவமனையில் ரோபோ இதய அறுவை தொடங்கியது. 2006-ல் டில்லி எய்ம்ஸ் சிறுநீரகவியலில் தொடங்கியது.

சென்னைக்கு இதில் தனிப் பங்கு உண்டு; அது அதிகம் பேசப்படுவதில்லை. 2005-ல் எஸ். நந்தகுமாரும் நண்பர்களும் சென்னையில் தொடங்கிய பெர்ஃபிண்ட் ஹெல்த்கேர், சி.டி. ஸ்கேன் படத்தைப் பார்த்து ஊசி நுழையவேண்டிய இடத்தையும் கோணத்தையும் ஆழத்தையும் கணக்கிட்டு வழிகாட்டும் ரோபோக்களைச் செய்தது. கல்லீரலுக்குள் கட்டி இருந்தால் வயிற்றைத் திறக்காமல், ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சூட்டால் அதைக் கருக்க இவை உதவுகின்றன. ஊசியைச் செலுத்துவது மருத்துவரின் கைதான். லாங் பீச்சில் 1985-ல் தொழிற்சாலைக் கை செய்த வேலையைச் செய்ய, இருபது ஆண்டு கழித்துச் சென்னைப் பொறியாளர்கள் தங்கள் எந்திரத்தை உருவாக்கி வெளிநாடுகளுக்கும் விற்றார்கள்.

இன்டியூட்டிவ் நிறுவனத்தின் பழைய காப்புரிமைகள் காலாவதியான பிறகு போட்டி எந்திரங்கள் வரத் தொடங்கின. மெட்ரானிக் நிறுவனத்தின் ஹியூகோ எந்திரம் ஆசிய பசிபிக் பகுதியிலேயே முதன்முறையாக 2021 செப்டம்பரில் சென்னை அப்பல்லோவில் புராஸ்டேட் அறுவைக்குப் பயன்பட்டது. வட இந்தியாவில் இதய மருத்துவர் சுதிர் ஸ்ரீவஸ்தவா குருகிராமில் உருவாக்கிய எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா, இறக்குமதி எந்திரத்தைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. 2025 ஜனவரியில் குருகிராமில் அமர்ந்து ஜெய்ப்பூரில் இருந்த நோயாளிக்கு இதய அறுவை செய்யவும் அது பயன்பட்டது.

எல்லாவற்றிலும் முக்கியமான நாள் 2022 மார்ச்சில் வந்தது. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துப் பன்னோக்கு மருத்துவமனையில், சுமார் 35 கோடி ரூபாய் செலவில் அமைந்த ரோபோ அறுவை மையத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இதுவே முதலாவது. சட்டமன்றத்துக்கென்று 2010-ல் திறந்து, 2014-ல் மருத்துவமனையான கட்டடம் அது. அம்பத்தூரில் புறநகர் ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால், மெட்ரோவில் அடுத்த நிறுத்தம்.

ஆய்வு சொல்வது

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று போகிறவர்கள் ரோபோ அறுவை சிகிச்சைக்கான விளம்பரப் பலகைகளைக் கடக்காமல் போக முடியாது. பலகை சொல்லாததை ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 326 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோபோவிலும் மறுபாதிக்கு வழக்கமான வெட்டிலும் புராஸ்டேட் அறுவை செய்தார்கள். ரோபோவில் ரத்த இழப்பு குறைவு; மருத்துவமனையில் தங்கும் நாளும் குறைவு. ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாடும் பாலுறவுத் திறனும் திரும்புவதில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று 2016-ல் வெளியான முதற்கட்ட முடிவு சொன்னது. மலக்குடல் புற்றுநோயில் 471 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான ரோலார் ஆய்வு ரோபோவையும் லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்டது. பாதியில் வயிற்றைத் திறக்கவேண்டி வந்தவர்கள் ரோபோவில் 8.1 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 12.2 சதவீதம்; ஆனால் புள்ளியியல்படி இதை உறுதியான வேறுபாடாகக் கொள்ள முடியவில்லை.

தமிழ்நாட்டுப் பெண்கள் அவசியம் அறியவேண்டியது 2018-ல் வெளியான லேக் ஆய்வு. கருப்பை வாய்ப் புற்றுநோயின் தொடக்க நிலையில் கருப்பையை முழுமையாக அகற்றும்போது, துளை வழியே செய்தவர்களில் நான்கரை ஆண்டுக்குப் பின் நோயின்றி இருந்தவர்கள் 86 சதவீதம். வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 96.5 சதவீதம். துளை வழியில் பெரும்பாலானவை லேப்ராஸ்கோப்பி. ஒரு பகுதி ரோபோ. சிறிய துளை எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையை இந்த ஒரு ஆய்வு உலுக்கிவிட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பெண்களின் புற்றுநோய்களில் ரோபோவைப் பயன்படுத்துவதில் எச்சரிக்கை தேவை என்று அறிவித்தது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு தீர்ப்பு கிடைக்கிறது. பித்தப்பை, குடல்வால், சாதாரண குடலிறக்கம் ஆகியவற்றில் நோயாளிக்கு வேண்டிய லாபத்தை லேப்ராஸ்கோப்பியே தந்துவிட்டது. அது அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது. சிறுநீரகக் கட்டியை மட்டும் வெட்டியெடுத்து, ரத்த ஓட்டத்தை நிறுத்திய சில நிமிடங்களுக்குள் தைத்து மிச்சச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது, இடுப்புக் கூட்டின் ஆழத்தில் தைப்பது போன்ற வேலைகளில் எந்திரத்தின் மணிக்கட்டுக்கு உண்மையான பயன் உண்டு. அங்கேதான் அது வேண்டும்.

யாருக்குக் கிடைக்கிறது

எந்திரத்தின் விலையோடு செலவு நிற்பதில்லை. கருவிகளில் எண்ணும் சில்லு உண்டு. ஆரம்பகாலக் கருவிகள் பலவற்றைப் பத்து முறைக்கு மேல் பயன்படுத்த முடியாது. ஆண்டுப் பராமரிப்பும் தனி. இந்தச் சுமை தனியார் மருத்துவமனையில் நோயாளியின் பில்லில் இறங்குகிறது. ரோபோ அறுவையை விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் சேர்த்தது. ஆனாலும் பல பாலிசிகள் அதற்கு உச்சவரம்பு வைக்கின்றன; மிச்சம் குடும்பத்தின் தலையில் விழுகிறது. 2009-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி உண்டு.

அறுபது ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூருக்கு வந்த தொழிலாளிக்கு உடம்புதான் முதல். இன்று ஒப்பந்தக் கூலிக்கு வரும் இளைஞருக்கும் அதுவே முதல். விரைவில் ஆறும் காயம் அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்பவருக்குச் சௌகரியம். தோளில் சுமப்பவருக்குச் சோறு. ஆகவே இந்தத் தொழில்நுட்பம் யாருக்கு அதிகம் பயன்படுமோ, அவர் வாங்க முடியாத இடத்தில் அது இருக்கக் கூடாது. ஓமந்தூரார் மருத்துவமனையின் எந்திரம் சரியான தொடக்கம். பல லட்சம் தொழிலாளிகளின் சந்தாவில் நடக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளும் அடுத்த அடியை வைக்க வேண்டும்: முதலில் எல்லாருக்கும் தரமான லேப்ராஸ்கோப்பி, தேவையான புற்றுநோய்களுக்கு ரோபோ.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது ரோபோ அறுவை சொல்லப்பட்டால் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: இந்த நோய்க்கு லேப்ராஸ்கோப்பி போதாதா? வெட்டித் திறந்து செய்வதைவிட இதில் என்ன கூடுதல் லாபம்? நீங்கள் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? பாதியில் திறக்கவேண்டி வந்தால் கட்டணம் எவ்வளவு? காப்பீடு எவ்வளவு ஏற்கும்? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். தெளிவான பதில் கிடைக்கவில்லையென்றால், நகையை அடகு வைப்பதற்கு முன் ஓர் அரசு மருத்துவமனையில் இரண்டாவது கருத்தைக் கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)